கொடைக்கானலில் குடித்த பிளம்ஸ் ஒயின் மதுரைக்கு வந்ததும் வெடித்தது ஏன்?

வைகைக்கரை
செப்டம்பர் 21, இரவு 10:40

தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நிஜமாகவே வெடித்தது.

ஆகஸ்ட் கடைசியில் நானும் மனைவியும் கொடைக்கானல் போயிருந்தோம். ஏரி, தூண் பாறை பார்க்கிற பயணம் இல்லை. அவளுக்குப் பள்ளியில் பாடம் எடுத்த டீச்சர் ஒருவர் ஓய்வு பெற்று, கணவரோடு வில்பட்டிப் பக்கம் குடியிருக்கிறார். சரிவில் ஒன்றரை ஏக்கர். முக்கால்வாசி பிளம்ஸ், ஓரத்தில் நாலைந்து பேரி மரம், கீழ் அடுக்கில் பூண்டு. பிளம்ஸ் மே, ஜூனிலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் போனபோது மரத்தில் வெறும் இலைதான். வியாபாரி கழித்துவிட்ட பழம், குருவி கொத்தினது, ஆலங்கட்டி பட்டது, இதையெல்லாம் குப்பையில் போட மனசு வராமல் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒயின் போட ஆரம்பித்தார்களாம். விற்பது கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் மட்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சாய்ப்பு. பின்சுவர் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. உள்ளே ஈரச் சாக்கு வாசனையும் பழத்தோல் வாசனையும் கலந்து வந்தது. ஒரு நீல டிரம், நாலு பெரிய கண்ணாடிக் குடுவை. குடுவை மூடியில் துளை போட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விட்டிருக்கிறார் டீச்சரின் கணவர், எங்களுக்கு அவர் 'சார்'. இரண்டு குடுவையில் மட்டும் எப்போதாவது ஒரு குமிழ் வந்து 'பொளக்' என்றது. சுவரில் தொங்கிய வெப்பமானி 15 காட்டியது.

சாயங்காலம் போன வருஷத்து ஒயினை எடுத்தார்கள். ஒயின் கிளாஸ் எல்லாம் இல்லை, எவர்சில்வர் டம்ளர். தொட்டுக்கொள்ள பட்டர் பீன்ஸ் சுண்டல். வெளியே மழைத் தூறல். என்னவென்று சொல்வது? இனிப்பே இல்லை. முதல் வாயில் புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் பிடித்தது, அப்புறம் பிளம்ஸ் தோலைக் கடித்தால் வருமே ஒரு துவர்ப்பு, அது மெதுவாக வந்தது. இரண்டாவது டம்ளருக்கு நானே நீட்டிவிட்டேன். மனைவி முறைத்தாள். ராத்திரி அங்கேயே தங்கினோம் என்பதால் பிழைத்தேன்.

மறுநாள் கிளம்பும்போது மூன்று பாட்டில் கொடுத்தார்கள். ஒன்று போன வருஷத்தது. இரண்டு இந்த வருஷத்தது, ஜூன் பழம். "குழாயில் குமிழ் நின்னு பதினஞ்சு நாளாச்சு, அதனால அடைச்சுட்டேன்" என்றார் சார். கார்க் அடித்து மேலே மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது.

மதுரைக்கு வந்து மூன்றையும் சமையலறை மேல்தட்டில் வைத்தேன். ஒன்பதாம் நாள், ராத்திரி இரண்டு மணிக்கு 'டமார்'. ஹாலில் படுத்திருந்த மாமியார் சிலிண்டர் என்று நினைத்து வாசலுக்கே ஓடிவிட்டார். போய்ப் பார்த்தால், புது ஒயின் ஒன்றின் கார்க் பறந்துபோய், போன பொங்கலுக்கு அடித்த வெள்ளைச் சுவரில் ஊதா நிறத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. தினக் காலண்டர் ஒட்டுமொத்தமாக நனைந்து செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒரே தாள் ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, போன வருஷத்து பாட்டிலை மட்டன் பிரியாணியோடு திறந்தோம். அது வெடிக்கவில்லை. ஆனால் அந்த ருசியும் இல்லை. சாராய நெடி மூக்கில் ஏறியது, பழம் எங்கோ தூரத்தில் இருந்தது. பாதி பாட்டிலை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

மிச்சம் ஒரு புது பாட்டில். பயந்துபோய் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். கேள்வி மூன்று: ஏன் வெடித்தது, பழையது ஏன் மாறியது, இருக்கிற ஒன்றை என்ன செய்வது?

---

வத்தலக்குண்டு வண்டி
செப்டம்பர் 21, இரவு 11:05

மாமியார் இப்போது வீட்டுக்குத் திரும்பிவிட்டாரா?

---

வைகைக்கரை
செப்டம்பர் 21, இரவு 11:12

திரும்பிவிட்டார். ஃபிரிட்ஜைத் திறக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

---

நுண்ணுயிர்நேசன்
செப்டம்பர் 22, காலை 7:20

வைகைக்கரை சார், உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. "குமிழ் நின்னு பதினஞ்சு நாளாச்சு" என்று அவர் சொன்ன இடம். குமிழ் நின்றது உண்மைதான். புளித்தல் முடிந்ததால் நிற்கவில்லை, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் ஆக்குகிற ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் குளிரில் தூங்கிவிட்டதால் நின்றிருக்கிறது.

வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் பெரும்பாலும் ரொட்டி ஈஸ்ட்தான் போடுவார்கள். அதற்கு 28, 30 டிகிரி என்றால் கொண்டாட்டம். ஜூனில் பழமும் சர்க்கரையும் நிறைய இருக்கும்போது, புளிக்கிற வேகத்திலேயே டிரம்முக்குள் சூடு உண்டாகும், வேலை ஓடும். ஆகஸ்டுக்குள் சர்க்கரை குறைந்து அந்தச் சூடும் போய்விடும். கொடைக்கானலில் அந்த மாதம் பகலிலேயே 18, 19தான். 15 டிகிரி சாய்ப்பில் ஈஸ்ட் அடியில் போய்ப் படுத்துவிடும். குழாயில் குமிழ் இல்லை. மேலே பார்த்தால் தெளிவு. ஆனால் கொஞ்சம் சர்க்கரை மிச்சம்.

அந்த பாட்டிலைக் கொண்டுபோய் மதுரைச் சமையலறையில், அதுவும் அடுப்புச் சூடு மேலே போய்த் தேங்குகிற தட்டில் வைத்திருக்கிறீர்கள். அங்கே 35 டிகிரி இருந்திருக்கும். ஈஸ்ட் எழுந்துவிட்டது.

கணக்கும் சொல்கிறேன். மூடிய பாட்டிலில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தால், உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஷாம்பெயினில் வேண்டுமென்றே லிட்டருக்கு 24 கிராம் போட்டு 6 வளிமண்டல அழுத்தம் வரவைக்கிறார்கள். அதனால்தான் அந்த பாட்டில் அவ்வளவு கனம், கார்க்குக்கு மேல் கம்பிக் கூடு. உங்கள் சாருடைய பாட்டிலில் ஐந்து டீஸ்பூன் சர்க்கரை மிஞ்சியிருந்தாலே அந்த அளவுக்குக் கிட்டே போய்விடும். கையால் அடித்த கார்க் அதற்கு முன்பே கிளம்பிவிடும். கிளம்பியது நல்லது. திருகு மூடியாக இருந்து, சாதாரண கண்ணாடியாகவும் இருந்திருந்தால் பாட்டிலே சிதறியிருக்கும். சுவரோடு போயிற்று என்று சந்தோஷப்படுங்கள்.

---

அரசரடி ஆள்
செப்டம்பர் 22, காலை 8:02

கேட்கிறேனே என்று நினைக்க வேண்டாம். வீட்டில் போடும் ஒயினில் மெத்தனால் பயம் இல்லையா? கள்ளக்குறிச்சியில் 2024-ல் நடந்ததற்குப் பிறகு எனக்கு லேபிள் இல்லாத பாட்டில் என்றாலே கை நடுங்குகிறது.

---

நுண்ணுயிர்நேசன்
செப்டம்பர் 22, காலை 8:31

கேட்க வேண்டிய கேள்விதான். கள்ளக்குறிச்சியில் மனிதர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். தொழிற்சாலைக்குப் போகிற மெத்தனாலை ஆள் கலந்தான். பழத்தைப் புளிக்கவைக்கும்போதும் பழத்திலுள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து துளி மெத்தனால் வரும். ஆனால் அது ஒயின் முழுக்கப் பரவிக் கிடக்கும் மிகச் சிறிய அளவு. காய்ச்சி வடித்தால்தான் ஒரு பகுதியில் சேரும். இவர்கள் வடிக்கவில்லை, புளிக்க மட்டும் வைக்கிறார்கள். இரண்டும் வேறு.

பிளம்ஸில் பார்க்க வேண்டியது கொட்டை. கொட்டையை உடைத்துப் போட்டால் கசப்பும் வரும், உடம்புக்கு ஆகாத பொருளும் வரும். கையால் பிசைந்து கொட்டையை முழுசாக எடுத்துவிட வேண்டும். மிக்ஸியில் அடிக்கவே கூடாது.

---

மட்டுறுத்துநர்
செப்டம்பர் 22, காலை 9:15

இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள். அந்த வீடு எங்கே, யாருடையது, எங்கே விலைக்குக் கிடைக்கும், இந்த மூன்றும் இங்கே வேண்டாம். தனிமடலிலும் கேட்காதீர்கள்.

---

சிவப்பு மை
செப்டம்பர் 22, காலை 9:40

மட்டுறுத்துநர் நாசூக்காகச் சொன்னதை நான் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. அதில் மது என்றால் ஒயினும் சேர்த்திதான். உரிமம் இல்லாமல் தயாரிப்பதே குற்றம், விற்பது அப்புறம். "கிறிஸ்துமஸுக்கு மட்டும்" என்று சட்டத்தில் விதிவிலக்கு கிடையாது. பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம் என்பது வாதமும் ஆகாது. வைகைக்கரை சார், டீச்சர் வீட்டுக் குடுவை எத்தனை என்பதுவரை எண்ணி எழுதியிருக்கிறீர்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வைகைக்கரை
செப்டம்பர் 22, காலை 10:10

ஊர்ப் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன் சார். குடுவை எண்ணிக்கையையும்தான்.

---

குன்னூர் ஜாடி
செப்டம்பர் 22, மதியம் 1:25

தம்பி, உங்கள் பதிவைப் படித்து எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு வயசு 63, பிறந்து வளர்ந்தது எல்லாம் குன்னூர். எங்கள் வீட்டில் அக்டோபர் கடைசியில் ஊறுகாய் ஜாடி வெளியே வரும். பீங்கான், மேலே பழுப்பு, கீழே வெள்ளை. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல். வாயை வேட்டித் துணியால் கட்டி, தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளற வேண்டும். கிளறுவது என் வேலை. ஈரக் கரண்டி விட்டால் முதுகில் ஒன்று விழும். 21 நாள் கழித்து வடிகட்டி, சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்கு ஊற்றுவாள் அம்மா. கோதுமை எதற்கு என்று கேட்டால் "வீரியத்துக்கு" என்பாள். ஈஸ்டுக்குத் தீனி என்று பின்னால்தான் தெரிந்தது.

சொல்ல வந்தது என்னவென்றால், எங்கள் அக்கா கல்யாணமாகி ஈரோடு போனாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா அவளுக்கு இரண்டு பாட்டில் கொடுத்துவிடுவாள். கொடுக்கும்போது ஒரே ஒரு பாடம்: "மேட்டுப்பாளையம் தாண்டினதும் மூடியை ஒரு தடவை திறந்து மூடு." அக்கா பஸ்ஸில் உட்கார்ந்து பாட்டிலைத் திறப்பாள், 'புஸ்' என்று சத்தம் வரும், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். வெட்கத்தில் ஒரு வருஷம் திறக்காமல் விட்டாள். கல்யாணப் பட்டுப்புடவை வைத்திருந்த பெட்டி அது.

பாதி பாட்டிலை மேசையில் விட்டேன் என்றீர்களே, அது இந்நேரம் காடி, அதாவது வினிகர் ஆகியிருக்கும். கொட்டிவிடாதீர்கள். பன்றிக்கறி விந்தாலு செய்கிறவர்கள் யாராவது தெரிந்தால் கொடுங்கள், காலில் விழுவார்கள்.

---

வைகைக்கரை
செப்டம்பர் 22, மதியம் 2:00

ஆன்ட்டி, இப்போதுதான் போய் மோந்து பார்த்தேன். காடியேதான். மேலே சின்னச் சின்னப் பழ ஈ வேறு. வடிகட்டி எடுத்து வைத்துவிட்டேன்.

---

திராட்சைப் பந்தல்
செப்டம்பர் 22, இரவு 8:50

நான் கம்பம் பக்கம், சுருளிப்பட்டி. வீட்டில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. நான் ஒயின் போடுகிறவன் இல்லை. ஆனால் சின்ன ஒயினரி ஒன்றை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன், அதை எழுதினால் வைகைக்கரை சாருடைய இரண்டாவது கேள்விக்கு உதவும்.

சில வருஷம் முன்னால் பிப்ரவரியில், எங்கள் ஊர் விவசாயிகள் பதினாலு பேர் நாசிக் போனோம். அங்கே கொடியை வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் ஒன்று, செப்டம்பர் அக்டோபரில் ஒன்று. ஆனால் அறுப்பு ஒன்றுதான், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். நம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க யாராவது ஒருவர் தோட்டத்தில் அறுப்பு நடக்கும். இதைச் சொன்னதும் அங்கே ஒருவரும் நம்பவில்லை.

திண்டோரி ரோட்டில் ஒரு சின்ன ஒயினரி. மொத்தமே ஆறு தொட்டி. உரிமையாளரும் விவசாயிதான், முன்னால் சாப்பிடுகிற திராட்சை போட்டவர். பழத்தை விடிகாலை நாலு மணிக்கு நெற்றி லைட் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள். வெயில் ஏறினால் நிறுத்தம். காரணம் கேட்டேன். "சூடான பழம் உள்ளே போனால் அதைக் குளிரவைக்க நான் கரண்ட் பில் கட்ட வேண்டும்" என்றார். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போடச் சொன்னார். சுண்டைக்காய் அளவு. தோல் தடிப்பு, உள்ளே பாதி விதை. ஆனால் இனிப்பு தொண்டையைப் பிடித்தது. அதில் சர்க்கரை நூற்றுக்கு 22, 23 அளவு வரும்வரை விடுகிறார்கள். நாம் சாப்பிட விற்கிற பழத்தை 16, 18-லேயே அறுத்துவிடுவோம். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் என்று அங்கேதான் கணக்கு கற்றுக்கொண்டேன். பிளம்ஸ் சாறில் இருக்கிற சர்க்கரையை வைத்து 6 சதவீதம் வருவதே கஷ்டம். அதனால் டீச்சர் வீட்டில் கட்டாயம் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். எவ்வளவு சேர்த்தோம், எவ்வளவு கரைந்தது என்று அளக்காவிட்டால் கடைசியில் சுவர்தான் அளக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி எல்லாம் எஃகு, இரட்டைச் சுவர். நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. கூரைக்குக் கீழே நமக்கு வேர்த்து ஊற்றுகிறது, தொட்டி வெளிப்பக்கம் முழுக்கப் பனி முத்து. கையை வைக்கச் சொன்னார், வைத்தேன். வெள்ளை ஒயின் 15 டிகிரியில் புளித்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் அது நிற்காமல் ஓட, அதற்கென்றே ஈஸ்ட் வாங்கிப் போடுகிறார்கள். சின்னக் குழாயைத் திருகி ஒரு வாய் கொடுத்தார். அப்புறம் முடிந்த சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தார். அவர் ஆபீசில் ஏசி இல்லை. ஊற்றுவதற்கு முன்னால் பாட்டிலை இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தார். சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில்தானே குடிக்க வேண்டும் என்று எங்களோடு வந்த ஒரு படித்த ஆள் கேட்டார். அவர் சிரித்துவிட்டு, "எந்த ஊர் ரூம்?" என்றார்.

அதுதான் சார் விஷயம். அந்தப் பேச்சு 16, 18 டிகிரி வீட்டில் இருக்கிறவன் சொன்னது. கொடைக்கானல் வராந்தாவில் டம்ளரில் ஊற்றினால் தானாகவே அந்த அளவுக்கு வந்துவிடும். மதுரையில் 34 டிகிரியில், பக்கத்தில் பிரியாணி ஆவி பறக்க ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மேலே கிளம்பும். பழவாசனை அதற்குப் பின்னால் நிற்கும். ஒயின் மாறவில்லை, ரூம் மாறிவிட்டது.

எங்கள் பழத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரில் சேர்க்க மாட்டார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளிநாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ரோஜாவில் இருக்கிற வாசனைப் பொருள்களில் சில இதிலும் இருப்பதால்தான் பன்னீர் என்ற பெயர் பொருந்துகிறது. நாசிக்காரர் நான் கொண்டுபோன ஒரு கொத்தை மோந்து பார்த்து இரண்டு நிமிஷம் பேசவே இல்லை.

---

வத்தலக்குண்டு வண்டி
செப்டம்பர் 22, இரவு 9:20

"ஒயின் மாறவில்லை, ரூம் மாறிவிட்டது." வண்டிக்குப் பின்னால் எழுதிக்கொள்ளலாமா அண்ணா?

நான் கொடைக்கானல் ரோட்டில் தினம் ஏறி இறங்குகிறவன். சுற்றுலா வருகிறவர்கள் 'ஹோம் மேட் ஒயின்' என்று வாங்கிக்கொண்டு வருவதை வண்டியில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிக்குப் பாதி சர்க்கரைப் பாகும் எசன்ஸும்தான். அது வெடிக்கவே வெடிக்காது, பயப்பட வேண்டாம். எறும்பு மட்டும் வரும்.

---

கணக்குப்பிள்ளை
செப்டம்பர் 23, காலை 6:45

சர்க்கரை மிச்சம் இருக்கிறதா என்று எப்படி அளப்பது? எங்கள் வீட்டில் பால்காரரைப் பிடிக்க வாங்கிய பால்மானி ஒன்று இருக்கிறது. அதை ஒயினில் மிதக்கவிட்டால் தெரியுமா?

---

நுண்ணுயிர்நேசன்
செப்டம்பர் 23, காலை 7:30

தெரியாது. பால் தண்ணீரைவிட அடர்த்தி. பால்மானி அதற்கேற்ற அளவுகோல். முழுக்கப் புளித்து முடிந்த ஒயின் தண்ணீரைவிட லேசு, தண்ணீர் 1.000 என்றால் இது 0.995 பக்கம் வரும். பால்மானி முங்கிப்போய்விடும். ஒயினுக்கென்று ஹைட்ரோமீட்டர், அதாவது அடர்த்தி காட்டும் மிதவை, தனியாக விற்கிறது. ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே எண், அதுவும் 1.000-க்குக் கீழே என்றால் அடைக்கலாம். 1.010-ல் ஒரே எண்ணாக நின்றால் அது முடியவில்லை, தூங்குகிறது. சாய்ப்பிலிருந்து வீட்டுக்குள் சமையலறைப் பக்கம் கொண்டுவந்து பத்து நாள் வைத்தால் மறுபடி குமிழ் விடும். டீச்சர் வீட்டில் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே போதும்.

ஜாம், ஸ்குவாஷ் வகுப்புக்குப் போனவர்களுக்கு கே.எம்.எஸ். தெரிந்திருக்கும், அதாவது பொட்டாசியம் மெட்டா பை சல்பைட். அதைப் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். காடி ஆக்குகிற பாக்டீரியாவை அடக்கும், ஈஸ்டைக் கொஞ்ச நேரம் மயக்கும், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

---

கணக்குப்பிள்ளை
செப்டம்பர் 23, காலை 7:41

பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்தால்? அழுத்திப் பார்த்தாலே கல்லு மாதிரி ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடுமே.

---

வத்தலக்குண்டு வண்டி
செப்டம்பர் 23, காலை 7:50

யோசனை நல்ல யோசனை. ஆனால் மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. செக்போஸ்ட்டில் அதைப் பிடுங்கும்போது உள்ளே என்ன என்று கேட்டால், சிவப்பு மை சார்தான் ஜாமீனுக்கு வர வேண்டும்.

---

நுண்ணுயிர்நேசன்
செப்டம்பர் 23, காலை 8:05

வைகைக்கரை சாருடைய மூன்றாவது கேள்வி பாக்கி. அந்த பாட்டிலும் ஒன்பது நாள் அதே தட்டில் இருந்திருக்கிறது, எனவே உள்ளே அழுத்தம் உண்டு. ஃபிரிட்ஜில் நிற்கவைத்தே இருக்கட்டும், கதவுத் தட்டில் வேண்டாம், ஆட்டம் அதிகம். கார்க்குக்கு மேல் கட்டுக்கம்பியால் ஒரு கட்டு போடுங்கள். 4 டிகிரியில் ஈஸ்ட் அசையாது, வாயுவும் திரவத்துக்குள்ளேயே கரைந்து கிடக்கும். ஒரு மாதத்தில் அடியில் மண்டி இறங்கித் தெளியும். திறக்கும்போது நல்ல சில்லென்று இருக்க வேண்டும். மேலே துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, கார்க்கை மெதுவாகத் திருகி எடுங்கள். மண்டி வராமல் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.

பிரான்ஸில் பாதி புளிக்கும்போதே பாட்டிலில் அடைத்து இதை வேண்டுமென்றே செய்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு விபத்தில் கிடைத்திருக்கிறது.

---

குன்னூர் ஜாடி
செப்டம்பர் 23, காலை 11:30

டீச்சரிடம் சொன்னீர்களா தம்பி, வெடித்ததை?

---

வைகைக்கரை
செப்டம்பர் 23, மதியம் 12:15

இல்லை ஆன்ட்டி. போன வாரம் போன் செய்து "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். மனைவி "வாசனை வீடு முழுக்க இருக்கு டீச்சர்" என்றாள். பொய் இல்லை.

---

வைகைக்கரை
டிசம்பர் 29, இரவு 9:30

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். முடிவு சொல்லாமல் விடக்கூடாது இல்லையா.

அந்த மூன்றாவது பாட்டில் மூன்று மாதம் ஃபிரிட்ஜிலேயே இருந்தது, கழுத்தில் கம்பி கட்டி. அடியில் ஒரு விரல் தடிமனுக்கு மண்டி படிந்து, மேலே நல்ல கருஞ்சிவப்பாகத் தெளிந்துவிட்டது. மதுரையில் திறக்க மனசு வரவில்லை. மீன் வாங்குகிற தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, பாட்டிலை நட்டமாக நிறுத்தி, சுற்றிலும் துண்டு அடைத்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மலைக்கே திருப்பிக் கொண்டுபோனோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மனைவி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டம் டம் பாறை தாண்டியதும்தான் மூச்சே விட்டாள்.

சாயங்காலம் அதே வராந்தா. நல்ல குளிர், மப்ளர் இல்லாமல் உட்கார முடியவில்லை. வெடித்த கதையை அங்கே வைத்துத்தான் சொன்னேன். டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டார். சார் மட்டும் எழுந்து சாய்ப்புக்குப் போய், இந்த வருஷத்து பாட்டில் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

அப்புறம் பெட்டியைத் திறந்தேன். நேசன் சார் சொன்னபடி துணி, முகத்தைத் தள்ளி, மெதுவாக. 'டமார்' எல்லாம் இல்லை, பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். டம்ளரில் ஊற்றினால் ஓரத்தில் இளஞ்சிவப்பு நுரை எழுந்து அடங்கியது. சின்னச் சின்னக் குமிழ் எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு ஒன்றொன்றாக மேலே வந்தது. புளிப்பு அதே புளிப்பு, ஆனால் நாக்கில் உட்காராமல் துள்ளுகிறது. இனிப்பு துளியும் இல்லை. கடைசியில் பிளம்ஸ் தோல் வாசனை, கூடவே லேசாக ரொட்டி வாசனை.

எல்லாரும் சார் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் குடித்தார். டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு வாய்.

"இது நம்ம ஒயின் இல்லையே" என்றார் டீச்சரைப் பார்த்து. "நல்லா இருக்கே."

---

வத்தலக்குண்டு வண்டி
டிசம்பர் 29, இரவு 9:44

டீச்சர் என்ன சொன்னார்?

---

வைகைக்கரை
டிசம்பர் 29, இரவு 9:50

ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை நீட்டினார்.